ஜெலோ தி மெலோனே இறுகுதே இல்லை, ஆராவது சொல்லுங்கோ

பலெர்மோக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் 15ஆம் திகதி ஃபெர்ராகோஸ்தோ எண்ட இத்தாலி விடுமுறை நாளுக்கு மேல் வீட்டு சிஞ்ஞோரா (இத்தாலிக்கார அம்மா) சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா. வரேக்க ஜெலோ செய்து கொண்டு வா எண்டும் சொல்லிப்போட்டா. வத்தகப்பழச் சாற்றைக் காய்ச்சி இறுக்கி எடுக்கிற சாமான்தான். சிசிலியில வத்தகப்பழத்தைத்தான் மெலோனே எண்டுறவை.

நேற்று ஒருக்கா செய்து பாத்தனான். பழத்தை அடிச்சு வடிச்சு 1 லீட்டர் சாறு, 100 கிராம் சீனி, 80 கிராம் மா, ஒரு துண்டு கறுவா, அரைத் தேசிக்காய்ப் புளி. கெதியாத் தடிச்சிட்டுது. ஆனா மா பச்சை மணக்கக் கூடாதெண்டு பிறகும் ஒரு 15 நிமிசம் அடிச்சு அடிச்சுக் கொதிக்க விட்டனான். வத்தகை விதை மாதிரித் தெரிய சொக்கலேற்றுத் துண்டும் போடுறவை எல்லோ, அதைச் சூட்டோட போட்டதில எல்லாம் கரைஞ்சு சேத்துத் தண்ணி நிறம். விடியவிடியப் பிரிட்ஜில வைச்சிட்டுக் காலமை தட்டில கவிழ்த்தா ஓடுது. மனுசன் கரண்டியால அள்ளிக் குடிச்சிட்டு, கூழ் எண்டு நினைச்சா நல்லாத்தான் இருக்கு எண்டுறார். என்ன பிழை விட்டனான்?

நெல்லைத்தம்பி:
அக்கா, மா மான்னு சொல்லுதீங்களே, என்ன மாவு? பாக்கெட்டுல போட்டிருக்கிற பேரை அப்படியே எழுதுங்க.

பலெர்மோக்காரி:
இப்பதான் எடுத்துப் பாத்தன் தம்பி. ஃபேகொலா தி பத்தாத்தே. குறிப்பில அமிதோ, அதாவது மாச்சத்துத் தூள், எண்டுதான் இருந்தது. கடைக்காரர் ரெண்டும் ஒண்டுதான் எண்டு தந்தவர்.

கோப்பைகழுவி:
ஒண்டில்லைத் தங்கச்சி. 16 வருசத்துக்கு முன்னம் கோப்பை கழுவ வந்த நான், இப்ப இனிப்பு மேசையில நிக்கிறன். இந்தக் குழப்பத்தைக் கனதரம் பாத்திட்டன்.

ஃபேகொலா உருளைக்கிழங்கு மா. கெதியாத் தடிக்கும், கொதிக்க வைச்சு அடிச்சா அதே கெதியில உடைஞ்சு இளகும். நீங்கள் செய்தது அதுதான். அளவாக் காய்ச்சினாலும் அது குழைவாத்தான் நிக்கும், கத்தியால வெட்ட வராது. ஜெலோவுக்குக் கோதுமையில எடுக்கிற அமிதோ தி ஃப்ருமெந்தோ, இல்லாட்டி சோள அமிதோ. கோதுமை மா வேற சாமான், அதைப் போட்டிடாதேங்கோ. லீட்டருக்கு நான் 90 கிராம் போடுறனான்.

ஒரு கோப்பை பச்சைச் சாற்றில அமிதோவைக் கட்டியில்லாமல் கரையுங்கோ. மிச்சச் சாற்றையும் சீனியையும் அதோட கலந்து, எல்லாம் குளிரா இருக்கேக்கயே அடுப்பில ஏத்துங்கோ. சூட்டுச் சாற்றில மாவைக் கொட்டினா கட்டிபடும். விடாமல் கிண்டுங்கோ. ஏதனத்தின்ர அடி தெரிஞ்சு, குமிழி கனமா வந்து பொத்துப் பொத்தெண்டு வெடிக்கும். அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நிமிசம் போதும். புளி மாவின்ர பிடிப்பைக் குறைக்கும், வேணுமெண்டா இறக்கினாப் பிறகு ரெண்டு சொட்டு. அச்சைத் தண்ணியில நனைச்சு ஊத்தி, ஆறவிட்டு, 5, 6 மணித்தியாலம் பிரிட்ஜில. அவசரத்துக்கு ஃப்ரீசரில வைச்சா எடுக்கேக்க தண்ணி விடும். சொக்கலேற்று நல்லா ஆறினாப் பிறகு.

நெல்லைத்தம்பி:
எங்க ஊரு அல்வாவுக்குக் கோதுமையை ஊறப்போட்டு அரைச்சுப் பால் எடுப்போம்லா? தெளிஞ்ச தண்ணியை இறுத்துட்டா அடியில வெள்ளையா படிஞ்சு கெடக்குமே, அதைக் காயவெச்சுப் பொடிச்சா கிட்டத்தட்ட அண்ணாச்சி சொல்லுத அமிதோதான். ஆனா அல்வா நெனப்புல மணிக்கணக்கா கிண்டிராதீங்க அக்கா.

பலெர்மோக்காரி:
மஸ்கட் இனிப்புக்கு அம்மாவும் அப்பிடித்தான் மாப்பால் எடுக்கிறவ! இன்னுமொண்டு அண்ணை. சிஞ்ஞோரா மல்லிகைப்பூ ஊறவைச்ச தண்ணியும் விடோணும் எண்டுறா. கீழ மதிலில ஒரு கொடியில இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பூ நிக்குது, நல்ல வாசம். பறிக்கலாமோ?

கோப்பைகழுவி:
பொறுங்கோ, பறிக்காதேங்கோ. முதல்ல ஒரு காம்பை முறிச்சுப் பாருங்கோ. வெள்ளைப் பால் வடிஞ்சா அது மல்லிகையே இல்லை, ரிங்கொஸ்பெர்மோ. இத்தாலியில மதில் மதிலாப் படர விட்டிருக்கிறாங்கள். எங்கட அலரியின்ர குடும்பம், சாப்பாட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. நிச்சயமா மல்லிகை எண்டு தெரிஞ்ச செடியில, மருந்தடிக்காத பூ ஒரு 20 எடுத்து, பச்சைத்தண்ணியில போட்டு மூடி ராத்திரி வையுங்கோ. காய்ச்சினா வாசம் போயிடும். இறக்கினாப் பிறகு ரெண்டு மேசைக்கரண்டி விட்டாக் காணும். பூக் கிடைக்காட்டிக் கறுவாவோட விடுங்கோ, ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்.

பலெர்மோக்காரி:
முறிச்சன். பால் வந்தது, கையைக் கழுவிப்போட்டு மேல வந்திட்டன். பூ தேவாலயத்துக்கு வாற ஒரு அக்காவின்ர சாடியில கிடைச்சது.

ஃபெர்ராகோஸ்தோ முடிஞ்சுது. சோள அமிதோ 90 கிராம், கொதி வந்து 3 நிமிசம். கவிழ்க்கேக்க நெஞ்சு பக்கெண்டுது, ஆனா முழுசா வழுக்கி இறங்கி, தட்டில ஒருக்கா ஆடிப்போட்டு நிண்டிட்டுது. கண்ணாடி மாதிரி இல்லை, கொஞ்சம் மங்கல் சிவப்பு, அப்பிடித்தானே வரும்? மேல பிஸ்தாத் தூள். சிஞ்ஞோரா ஒண்டும் சொல்லேல்லை, ரெண்டாம் துண்டு தானே வெட்டி எடுத்தா. மனுசன் மட்டும் முந்தின கூழ்தான் நல்லமாம்.

மிச்சம் கிடக்கிற ஃபேகொலாவை என்ன செய்யிறது அண்ணை?

கோப்பைகழுவி:
ஓம், சோள அமிதோ மங்கலாத்தான் வரும். ஃபேகொலாவை எறியாதேங்கோ. கேக்குக்குக் கோதுமை மாவில பாதியைக் குறைச்சு அதைச் சேருங்கோ, பூப்போல வரும். தோர்த்தா பாரதீசோ எண்ட இத்தாலிக் கேக் செய்யிறதே அப்பிடித்தான்.