24 வீட்டு அபார்ட்மென்ட்: ஈ.பி. பில்லும் லாரித் தண்ணீர்ச் செலவும் ஏறிக்கொண்டே போகிறது, எங்கிருந்து பார்ப்பது?

பொருளாளர்_24:

மடிப்பாக்கம் பக்கம், ஸ்டில்ட் + 4 மாடி, 24 வீடு, ஒரு லிஃப்ட். சுமார் 90 பேர் குடியிருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் இரண்டு வருடத்தில் 2,500-இலிருந்து 3,800 ஆகிவிட்டது. இன்னும் 700 ஏற்ற வேண்டும் என்கிறது கமிட்டி. ஏற்றுவதற்கு முன்னால் பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க நினைக்கிறேன்.

விவரங்கள்:
பொது ஈ.பி. இரண்டு மாதத்துக்கு 1,900 யூனிட்.
லாரி 12,000 லிட்டர், 1,800 ரூபாய். கோடையில் மாதம் 16 லாரி.
மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டு. போர் கம்ப்ரசரில் ஓடுகிறது, 3 எச்.பி., தினம் மூன்று மணி நேரம்.
சம்ப் (தரையடித் தொட்டி) உள்ளளவு 4 மீ × 3 மீ, ஆழம் 2 மீ. உள்ளே 2 எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார். தினம் ஆறு மணி நேரம் ஓடுவதாக வாட்ச்மேன் சொல்கிறார்.
மொட்டைமாடி டேங்க் 3 மீ × 2.5 மீ, உயரம் 1.5 மீ.

தண்ணீரை அதிகம் செலவழிக்கும் வீடுகளைப் பிடிக்க வீட்டுக்கு வீடு மீட்டர் போடலாம் என்று ஒரு கட்சி, வாட்ச்மேனை மாற்றலாம் என்று இன்னொரு கட்சி. முதலில் எதைச் செய்வது?

மொட்டைமாடி_இன்ஜினியர்:

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு ஸ்கேலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஆறு மணி நேரம் என்பதே இடிக்கிறது. ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 90 பேருக்கு நாளைக்கு 12,150 லிட்டர். அதை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற இயற்பியல் கணக்குப்படி முக்கால் யூனிட் கூட ஆகாது. மோட்டார், பம்ப், குழாய் உராய்வு எல்லாவற்றிலும் வீணாவதைச் சேர்த்து நாலு மடங்கு வைத்தாலும் 2.7 யூனிட்தான். உங்கள் மோட்டார் ஆறு மணி நேரத்தில் இழுப்பது கிட்டத்தட்ட 12 யூனிட்.

காரணம் இரண்டில் ஒன்று. பம்ப் ஏற்ற வேண்டிய அளவுக்குத் தண்ணீரை ஏற்றவில்லை. அல்லது ஏற்றிய தண்ணீர் வீடுகளுக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது. இதைப் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். மதியம் இரண்டு மணி வாக்கில் எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாடியில் கீழிறங்கும் குழாய்களின் கேட் வால்வுகளை எல்லாம் மூடுங்கள். நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு மோட்டாரைச் சரியாக 20 நிமிடம் ஓட விடுங்கள். உங்கள் டேங்கின் பரப்பு 7.5 சதுர மீட்டர், அதாவது ஒரு செ.மீ. ஏறினால் 75 லிட்டர். இந்த உயரத்துக்கு நல்ல 2 எச்.பி. மோட்டார் மணிக்கு 8,000 முதல் 10,000 லிட்டர் தர வேண்டும், 20 நிமிடத்தில் 35 செ.மீ.க்கு மேல் ஏற வேண்டும். 15 செ.மீ.தான் ஏறினால் அடியில் வடிகட்டி அடைத்திருக்கும், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது டெலிவரி வால்வை யாரோ பாதி மூடி வைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் தொடாத கேட் வால்வை முறுக்கித் திருகாதீர்கள். உள்ளே தண்டு உடைந்தால் அன்று முழுக்க அந்தக் குழாய் வரிசைக்குத் தண்ணீர் இருக்காது. முந்தின நாளே எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னும் பின்னும் ஆட்டிப் பழக்குங்கள். அசையாததைக் குறித்து வைத்து, பிறகு பால் வால்வாக மாற்றிக்கொள்ளலாம்.

பழைய_செயலாளர்:

இன்ஜினியர் சொன்னது சரி. ஆனா ரூபாய்க் கணக்கையும் பக்கத்துல வச்சுக்குங்க. மோட்டார்ல நாளைக்கு 9 யூனிட் வீணாகுதுன்னா மாசம் 280 யூனிட். பொது இணைப்புக்கு 1டிங்கற தனிக் கட்டண விகிதம், யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற 100 இலவச யூனிட்டும் இதுக்குக் கிடையாது. ஆக 2,400 ரூபாய் சொச்சம், வீட்டுக்கு நூறு ரூபாய். லாரி 16 × 1,800 = 28,800, வீட்டுக்கு 1,200. உங்க ஓட்டை பெருசா இருக்கறது லாரிப் பக்கம்தான்.

லாரியைச் சம்ப்லதான் அளக்கணும். லாரி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கறதுல பிரயோஜனம் இல்ல, ரோடு சரிவா இருந்தாலே ஏமாத்திரும். 4 × 3 சம்ப்னா ஒரு செ.மீ.க்கு 120 லிட்டர், 12,000 லிட்டர் லாரி 100 செ.மீ. ஏத்தணும். ஆனா சம்ப் நடுவுல தடுப்புச் சுவர் இருந்தா கழிச்சுக்கணும். 23 செ.மீ. சுவர் 3 மீட்டர் நீளம்னா 0.69 சதுர மீட்டர் போச்சு, அப்போ செ.மீ.க்கு 113 லிட்டர்தான், ஏற வேண்டியது 106 செ.மீ. இதைக் கணக்குல எடுக்காம லாரிக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அளக்கும்போது மோட்டார், கம்ப்ரசர், மெட்ரோ லைன் மூணும் மூடியிருக்கணும். பி.வி.சி. குழாய்ல செ.மீ. கோடு போட்டு ஒரு அளவுகோல் செஞ்சு சம்ப் மூடி பக்கத்துல மாட்டி வைங்க.

லாரி வந்ததும் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கறது) ஒரு குவளைத் தண்ணியில முக்கிப் பாருங்க. குடிநீர்த் தரத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேற வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும்னு இந்தியக் குடிநீர்த் தரவிதி ஐ.எஸ். 10500 சொல்லுது. 1,500 காட்டற தண்ணி ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் தின்னுடும்.

பொருளாளர்_24:

நன்றி சார், இருவருக்கும். சோதனை செய்தாயிற்று.

20 நிமிடத்தில் 37 செ.மீ. ஏறியது, மணிக்கு 8,325 லிட்டர். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது.

வால்வுகளைத் திறக்காமல் இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். மோட்டார் ஓடவில்லை, எந்த வீட்டுக்கும் தண்ணீர் போகவில்லை. ஆனாலும் டேங்க் 26 செ.மீ. இறங்கிவிட்டது. டேங்க் கசிகிறதா? சுற்றிலும் ஈரமே இல்லை.

லாரி 86 செ.மீ. தான் ஏற்றியது. சம்பில் தடுப்புச் சுவர் இல்லை.

மொட்டைமாடி_இன்ஜினியர்:

அதே இரண்டு மணி நேரத்தில் சம்ப் எவ்வளவு ஏறியது என்று பார்த்தீர்களா? மெட்ரோவும் போரும் மூடியிருந்தனவா?

பொருளாளர்_24:

மூடியிருந்தன. சம்ப் 16 செ.மீ. ஏறியிருந்தது.

மொட்டைமாடி_இன்ஜினியர்:

கிடைத்துவிட்டது. மேலே குறைந்தது 1,950 லிட்டர், கீழே கூடியது 1,920. ஏற்றிய தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்குகிறது. மோட்டார் நின்றிருக்கும் 18 மணி நேரத்தில் 17,500 லிட்டர் வரை இப்படி இறங்கலாம். அதை மறுபடி ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும்.

இது நடக்க இரண்டு கோளாறு சேர வேண்டும். ஒன்று, மோட்டாருக்கு மேலே டெலிவரி குழாயில் இருக்கும் என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு) மூடவில்லை. மணல் துகளோ சுண்ணாம்புப் படிவோ மாட்டியிருக்கும். மோட்டார் நின்றதும் அந்த இடத்தில் காதை வைத்தால் சீறும் சத்தம் கேட்கும். இரண்டு, மேலே டெலிவரி குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. இரவில் தண்ணீர் கொட்டும் சத்தம் நாலாம் மாடிக்குக் கேட்கிறது என்று யாராவது ஒரு துண்டுக் குழாயை மாட்டி அடிவரை நீட்டியிருப்பார்கள். குழாய் மேலேயே முடிந்திருந்தால், என்.ஆர்.வி. கெட்டாலும் குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டும்தான் இறங்கும்.

செலவு குறைந்த வேலையை முதலில் செய்யுங்கள். நீட்டுத் துண்டைக் கழற்றுங்கள். சத்தம் பிரச்சினை என்றால் துண்டு இருக்கட்டும், டேங்க் நிரம்பும் மட்டத்துக்கு மேலே குழாயில் 8 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். காற்று உள்ளே போனதும் உறிஞ்சல் அறுந்துவிடும். அப்புறம் என்.ஆர்.வி.யை மாற்றுங்கள். பித்தளை அல்லது கன்மெட்டல், குழாயின் அளவிலேயே. மேலே குறித்திருக்கும் அம்பு தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) போடச் சொல்லுங்கள், அடுத்த முறை குழாயை அறுக்காமல் கழற்றிக் கழுவலாம்.

ஆனால் இந்தத் தண்ணீர் சம்புக்கே திரும்புகிறது, காணாமல் போகவில்லை. இதனால் ஏறுவது ஈ.பி. மட்டும்தான். லாரிக்குக் காரணம் வேறு.

வால்வு_வாசு:

அந்த வேறு காரணத்துக்கு ராத்திரிச் சோதனை. என்.ஆர்.வி. வேலை முடிந்த பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும். இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் டேங்க் மட்டத்தைக் குறிக்க வேண்டும், மோட்டாருக்கு ஓய்வு. அந்த மூன்று மணி நேரத்தில் 90 பேரில் சிலர் பாத்ரூம் போவார்கள், அவ்வளவுதான். 2 செ.மீ. இறங்கினால் விட்டுவிடலாம். 8 செ.மீ. இறங்கினால் 600 லிட்டர், மணிக்கு 200. மேல் டேங்க் அழுத்தம் பகலிலும் அதேதான், ஆகவே ஒழுகலும் அதேதான். நாளைக்கு 4,800 லிட்டர், மாதம் 12 லாரி.

அப்படி இறங்கினால் மறுநாள் இரவு ஒவ்வொரு கீழிறங்கு குழாயாக மூடித் திறந்து எந்த வரிசை என்று பிடியுங்கள். ஒரு வரிசைக்கு நாலு வீடுதான் வரும். அந்த நாலு வீட்டிலும் ஃப்ளஷ் டேங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழாய் சொட்டினால் கண்ணில் படும். ஃப்ளஷ் டேங்க் அடி வாஷர் விட்டால் கோப்பையின் பின்சுவரோடு சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். டேங்கில் நாலு சொட்டு நீலம் விடுங்கள், அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. கோப்பையில் நீலம் வந்தால் வாஷரை மாற்ற வேண்டும். நீலம் வராவிட்டாலும் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். உள்ளிருக்கும் வழிவுக் குழாயின் வாயிலிருந்து இரண்டு செ.மீ. கீழே நிற்க வேண்டும். வாயோடு வாயாக நின்றால் மிதவையைத் தாழ்த்துங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளை மறக்காதீர்கள், அங்கே ஒழுகினால் கேட்க ஆளில்லை.

மீட்டர் கட்சிக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் ஒரே வழியாக வருவதில்லை. இரண்டு பாத்ரூம், ஒரு சமையலறை என்று மூன்று குழாய். 24 வீட்டுக்கு 72 மீட்டர். அதுவும் சாதாரண மெக்கானிக்கல் மீட்டர் மெல்லிய ஒழுகலுக்குச் சுழலவே சுழலாது. நாலாம் மாடிக்கு இருக்கும் கொஞ்ச அழுத்தமும் போய்விடும்.

இன்னொன்று, வழியும் குழாய். மேல் டேங்கின் ஓவர்ஃப்ளோவை மழைநீர்க் குழாயோடு சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டேங்க் எவ்வளவு நேரம் வழிந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் நேராக மழைநீர்க் குழிக்குப் போகும். அதைப் பிரித்து, வாசலில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் விழ விடுங்கள். தானியங்கி வைத்தால் மேலே ஒரு மிதவை போதாது, சம்பிலும் ஒன்று வேண்டும், காய்ந்த சம்பில் மோட்டார் ஓடாமல் இருக்க.

பழைய_செயலாளர்:

86 செ.மீ.ன்னா 10,320 லிட்டர், லாரிக்கு 1,680 குறையுது. ஒரு தடவைய வச்சுப் பேசாதீங்க. அஞ்சு லாரி அளந்து, தேதியோட எழுதி, டிரைவர்கிட்ட இல்லாம சப்ளையர்கிட்ட காட்டுங்க. இனிமே செ.மீ. கணக்குக்குத்தான் பணம்னு சொல்லிடுங்க.

கம்ப்ரசரை ஈ.பி.க்குப் பயந்து நிறுத்திடாதீங்க. 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிஷம்னு பாருங்க. 12 நிமிஷம்னா மணிக்கு 1,000 லிட்டர், அதுக்கு 2.6 யூனிட், இருபத்திரண்டு ரூபாய் சொச்சம். அதே 1,000 லிட்டர் லாரியில 150 ரூபாய். மூணு மணி நேரத்தையும் ஒரே மூச்சுல ஓட்டாம, ஒரு மணி ஓட்டி ரெண்டு மணி ஊற விடுங்க. குழாய்ல வெறும் காத்து வந்தா உடனே நிறுத்திடணும்.

வாட்ச்மேன் சொல்ற ஆறு மணி நேரத்தையும் அப்படியே நம்பாதீங்க, அவர் பொய் சொல்றார்னு இல்ல, யாரும் கடிகாரம் பார்த்து எழுதறதில்ல. மோட்டார் பேனல்ல, ஓடற நேரத்தை எண்ணற ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்க. தினம் காலையில மூணு எண்: ஹவர் மீட்டர், ஈ.பி. மீட்டர், சம்ப் மட்டம். லாரி வந்தா முன்னும் பின்னும் ரெண்டு மட்டம். ஒரு மாசத்து நோட்டு கையில வந்தப்புறம் அந்த 700 ரூபாயைப் பொதுக்குழுவுல வைங்க.

பொருளாளர்_24:

நீட்டுத் துண்டு இருக்கிறது, நாலடி. ஓவர்ஃப்ளோவும் மழைநீர்க் குழாய்க்குள்தான் போகிறது. பிளம்பர் ஞாயிறு வருகிறார். ராத்திரிச் சோதனை அதற்கடுத்த புதன்கிழமை, அளவு இங்கேயே போடுகிறேன்.

வால்வு_வாசு:

பிளம்பர் வரும்போதே சம்ப் கழுவுகிற வேலையையும் சேர்த்தால், மூடிகளை ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து வைத்து ஃபேன் போட்டுக் காற்றை மாற்றுங்கள். உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும். மோட்டாரின் மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.