மாநகராட்சிக் கடிதம் என் பெயருக்கு வந்திருக்கிறது: குறுகிய கால வாடகை விதிகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

புதிதாக வந்தவன்:
வணக்கம். இங்கே வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. நேற்று மாநகராட்சியிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. குறுகிய கால வாடகைக்கு வீடு விடுபவன் என்று என்னைக் குறிப்பிட்டு, பதிவில் உள்ள இடம்தான் என் முதன்மை இருப்பிடமா என்பதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் அவகாசம். வெள்ளிக்கிழமை வேறு தங்குவதற்கு ஆட்கள் வருகிறார்கள். அபராதம் எவ்வளவு வரும்? அடுத்த ஆண்டு நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதைக் கெடுத்துவிடுமா? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

தேம்ஸ் கரையோரம்:
தம்பி, இதற்கெல்லாம் பதற வேண்டாம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 90 இரவுக்குள் முழு வீட்டையும் விடுவதற்குத் தனி அனுமதியே தேவையில்லை. 2015-இல் வந்த சட்டம் அது. 90-ஐத் தாண்டினால்தான் திட்ட அனுமதி, அதாவது வீட்டின் பயன்பாட்டை மாற்ற மாநகராட்சி தரும் அனுமதி, என்ற பேச்சு. இரவுகளைக் கூட்டிப் பார்த்து இரண்டு வரியில் பதில் எழுதிப் போடுங்கள்.

நான் வந்த காலத்தில் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் நான்கு பேர். பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் அதே மெத்தையில் இரவு வேலைக்காரன் வந்து விழுவான். தலையணையில் முந்தையவனின் தைல வாசம் போயிருக்காது. எந்த மாநகராட்சியும் எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை. உங்களுக்குக் கடிதமாவது வருகிறது.

குயின்ஸ் அக்கா:
90 இரவா? தயவுசெய்து இப்படி அடித்துவிடாதீர்கள் அண்ணா, பையன் நம்பிவிடுவான். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து கெடுபிடி. 30 நாளுக்குக் குறைவாக ஒருவரைத் தங்கவைத்தால், வீட்டை விடுபவரும் அதே வீட்டில் கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. உள் அறைக் கதவுகளைப் பூட்டி வைக்கக் கூடாது. மாநகராட்சிப் பதிவு இல்லையென்றால், வீட்டை விளம்பரம் செய்யும் இணையத்தளம் முன்பதிவையே ஏற்காது. வெள்ளிக்கிழமை வருகிறவர்களை இன்றைக்கே ரத்து செய், தம்பி.

சிங்கைத் தமிழன்:
நீங்கள் இருவரும் இரவுக் கணக்குப் பேசுகிறீர்கள். இங்கே தனியார் வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம், வீவக வீடு (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு) என்றால் குறைந்தது ஆறு மாதம். அதற்குக் கீழே ஒரு நாள் குறைந்தாலும் தவறுதான். 2018-இல் இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தார்கள். அதைச் செய்தியில் படித்த பிறகு, என் வீட்டுக்கு மாமனார் வந்தால்கூட அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே உறவுமுறையைச் சொல்லி வைக்கிறேன்.

தேம்ஸ் கரையோரம்:
அக்கா, நான் அடித்துவிடவில்லை. லண்டன் சட்டத்தை அப்படியே சொன்னேன்.

குயின்ஸ் அக்கா:
அவர் லண்டன் என்று எங்கே சொன்னார்?

சிட்னி மேற்கு:
சிட்னியில் வீட்டுக்காரர் கூடவே தங்கியிருந்தால் நாள் வரம்பு இல்லை. வீட்டை முழுதாக விட்டுவிட்டு வெளியே போனால் ஆண்டுக்கு 180 நாள். மாநில அரசின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்க வேண்டும், தீப்பிடித்தால் வெளியேறும் வழியைப் படமாக வரைந்து ஒட்ட வேண்டும்.

விதி இருக்கட்டும். மனைவியும் கைக்குழந்தையுமாக வீடு தேடி அலைந்தபோது நாங்கள் பார்த்த தெருவில் பாதி வீடுகளின் கதவில் எண் அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டி தொங்கியது. எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. குடியிருக்க வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. அதனால் இப்படிக் கடிதம் வருவதில் எனக்கு வருத்தமே கிடையாது, மன்னிக்கவும்.

தேம்ஸ் கரையோரம்:
வாடகை ஏறிக் கிடக்கும்போது அறையை விட்டுத்தானே நாலு காசு பார்க்க முடிகிறது? எல்லாரும் பேராசைக்காரர்களா?

சிட்னி மேற்கு:
வாடகை ஏன் ஏறியது என்றுதான் நானும் கேட்கிறேன்.

குயின்ஸ் அக்கா:
நம் ஆட்கள்தான் நம் ஆட்களிடம் அதிகம் பிடுங்குகிறார்கள். எனக்கு முதல் அறையைக் கொடுத்தவர் வெந்நீருக்குத் தனியாகக் காசு வாங்கினார். ரசீது கேட்டால் "என்னை நம்பவில்லையா தங்கச்சி" என்பார்.

மார்க்கம் வீதி மாமா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, "முதன்மை இருப்பிடம்", "நிரந்தர வதிவிட உரிமை" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ரொறன்ரோ போலிருக்கிறது. ஊர் தெரியாமல் இந்த விஷயத்தில் யார் சொல்வதும் உதவாது. பக்கத்து மாநகராட்சிக்குப் போனாலே விதி மாறிவிடும். நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எந்த ஊர்? வீடு சொந்தமா, வாடகையா? விளம்பரத்தில் இருப்பது நீங்கள் படுத்து உறங்கும் இடம்தானா? வருகிற பணம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது?

புதிதாக வந்தவன்:
டொராண்டோதான் மாமா, ஸ்கார்பரோ. நான் வாடகைக்கு இருக்கிறேன். மேல்தளத்தில் ஓர் அறை. வீட்டுக்காரரும் குடும்பமும் அதே தளத்தில், சமையலறை பொது. விளம்பரத்தில் இருப்பது பேஸ்மென்ட், அதாவது நிலத்தடித் தளம். அதற்குத் தனி வாசல், தனிச் சமையலறை, குளியலறை எல்லாம் உண்டு. நான் அங்கே துணி துவைக்க மட்டும்தான் இறங்குவேன்.

குடிவந்ததும் ஓட்டுநர் உரிமத்தின் நகல் கேட்டார், வாடகைக் கோப்புக்கு என்றார். பிறகு ஒரு நாள் மடிக்கணினியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தவர், என் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டார். சொன்னேன். "பேஸ்மென்ட்டை உன் பெயரில் பதிந்திருக்கிறேன், இங்கே எல்லாரும் செய்வதுதான், வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். பணம் அவர் கணக்குக்குத்தான் போகிறது. ஊர்க்காரர். விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனவர். என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

சிட்னி மேற்கு:
அடக் கடவுளே. இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்!

மார்க்கம் வீதி மாமா:
இப்போது விளங்குகிறது. ரொறன்ரோவில் தொடர்ச்சியாக 28 நாளுக்குக் குறைவாக விடுவதுதான் குறுகிய கால வாடகை. தன் முதன்மை இருப்பிடத்தை மட்டுமே ஒருவர் அப்படி விடலாம். அதில் மூன்று படுக்கையறை வரை ஆண்டு முழுக்க விடலாம். முழு வீட்டையும் என்றால் ஆண்டுக்கு 180 இரவு. வாடகைக்கு இருப்பவரும் பதியலாம், அதில் தவறில்லை. ஆனால் தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ட் தனிக் குடியிருப்பாகக் கணக்காகும். அதைப் பதியக்கூடியவர் அதற்குள் குடியிருப்பவர் மட்டும்தான். மேலே வசிக்கும் வீட்டுக்காரர் பதிய முடியாது. அதற்குத்தான் அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, உங்கள் உரிமத்திலும் அதே வீட்டு முகவரி இருக்கிறது.

பணம் அவருக்கு, பொறுப்பு உங்களுக்கு. தங்கல் வரி (தங்குகிறவர்களிடம் வாங்கி மாநகராட்சிக்குக் கட்டுவது), தங்கியவர்களின் பதிவேடு எல்லாவற்றுக்கும் பதிவில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2024 முதல் விளம்பரத் தளங்கள் வருமான விவரத்தைக் கனடா வருமான வரித் துறைக்குக் கொடுக்கின்றன. கணக்கு உங்கள் பெயரில் என்றால் அந்த வருமானமும் உங்கள் பெயரில்தான் போய் நிற்கும்.

குயின்ஸ் அக்கா:
விமான நிலையத்துக்கு வந்ததற்கு இவ்வளவு பெரிய கட்டணமா! தம்பி, அந்த ஆளிடம் இன்றைக்கே நேருக்கு நேர் கேள். துணிச்சலாகக் கேள்.

டான்வேலி வாசகி:
கேட்கட்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வாடகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. நில உரிமையாளர் - வாடகைக்காரர் வாரியத்தின் ஆணை வேண்டும். பயப்படாமல் சண்டை போடலாம்.

மார்க்கம் வீதி மாமா:
அவசரப்படாதீர்கள், பிள்ளை. அந்தப் பாதுகாப்பு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது. வாடகைக்காரர் சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளருடன் பகிர்ந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. தம்பி சமையலறை பொது என்கிறார். இன்று சண்டை போட்டால் நாளை பெட்டியோடு வாசலில் நிற்க நேரலாம்.

ஆகவே முதலில் இன்னோர் அறைக்குச் சொல்லி வையுங்கள், தற்காலிகமாகவாவது. கடிதத்தை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வீட்டுக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். விளம்பரப் பக்கத்தையும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாயமாகிவிடும். பிறகு சமூகச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். ஸ்கார்பரோவிலேயே இருக்கிறது, குறைந்த வருமானம் என்றால் கட்டணம் இல்லை. பத்து நாளுக்குள் பதில் போக வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பதிலில் உண்மை மட்டும் இருக்கட்டும்: நான் மேல்தளத்தில் வசிக்கிறேன், பேஸ்மென்ட்டில் அல்ல, அந்தப் பதிவை ரத்து செய்யுங்கள். வீட்டுக்காரர் "நீ கீழேதான் இருக்கிறாய்" என்று ஒரு வாடகை ஒப்பந்தத்தை எழுதி நீட்டுவார். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதிதாக வந்தவன்:
நேற்று இரவே அப்படி ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மாமா. போன மாதத் தேதி போட்டிருக்கிறது. விசா என்னவாகும்?

மார்க்கம் வீதி மாமா:
அந்தத் தாளையும் படம் எடுங்கள். தொடாமல் வைத்துவிடுங்கள். மாநகராட்சித் துணைச்சட்டத்தை மீறுவது குற்றவியல் வழக்கு ஆகாது. ஆனால் பொய்ச் சான்று கொடுப்பது வேறு கதை. அந்த வழிக்கே போகாதீர்கள். மற்றதைச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள், நான் வழக்கறிஞர் இல்லை.

புதிதாக வந்தவன்:
நாளை காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். மாநகராட்சியையும் அழைக்க வேண்டுமா? என் ஆங்கிலம் தொலைபேசியில் தடுமாறும்.

டான்வேலி வாசகி:
மையத்தில் பேசிய பிறகு மாநகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழையுங்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். முடிக்கும் முன் கோரிக்கை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் அண்ணன் வீட்டில் ஓர் அறை இந்த மாதக் கடைசி வரை காலியாக இருக்கிறது. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.