கரைந்த ஈயம் எங்கிருந்து வருகிறது: புள்ளிகள் நேர்க்கோட்டில் விழவில்லை

நெய்தல்:
சிங்கப்பூருக்கு வடக்கே ஜோகூர் நீரிணையிலும் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவருகிலும் எடுத்த நீரில், ஈயத்தின் 206/207 விகிதத்தை (நிறை எண் 206, 207 கொண்ட ஈய ஐசோடோப்புகளின் விகிதம்; மூலத்துக்கு மூலம் மாறும்) 1/செறிவுக்கு எதிரே வரைந்தேன். இரண்டு மூலங்களின் ஈயம் கலந்திருந்தால் நேர்க்கோடு வர வேண்டும். புள்ளிகளோ சிதறிக் கிடக்கின்றன. மறுநாள் ஆய்வகத்தில் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிறகு அமிலம் சேர்த்தேன். எங்கே தவறு?

கழிமுகம்:
மறுநாள் வடித்ததில்தான் எனக்குச் சந்தேகம். ஈயம் சேற்றுத்துகளில் ஒட்டும், மறுபடி விடும். துகளின் ஈயமும் நீரின் ஈயமும் இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பதால், செறிவு அசையாமல் நிற்க, விகிதம் மட்டும் நகர்ந்துவிடும். கலங்கல் நீரில் துகளில் இருக்கும் ஈயமே அதிகம். பாட்டிலில் ஓர் இரவு கிடந்தால் போதும். படகிலேயே வடித்து, லிட்டருக்கு 2 மி.லி. மிகத்தூய 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். வரிசை மாறினால் துகளின் ஈயமும் கரைந்து வந்து சேரும்.

இதே பரிமாற்றம் நீரிணைக்குள்ளும் நடக்கிறது. வடிகட்டியில் தங்கிய சேற்றை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அதன் விகிதத்தையும் அளந்து பாருங்கள். அது இல்லாமல் மூலத்தைப் பேசவே முடியாது.

அலைவாய்:
இன்னொன்று. 1924-இல் திறந்த காஸ்வே (சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் தரைப்பாலம்) நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டது. கிழக்கு நீரையும் மேற்கு நீரையும் ஒரே கோட்டில் போடாதீர்கள். தெற்கிலும் பருவம் பார்த்துப் பிரிக்க வேண்டும்: வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் நீர் வரும், தென்மேற்கில் ஜாவா கடல் நீர், சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலக் கரிமத்தையும் சுமந்துகொண்டு.

நெய்தல்:
கிழக்கு, மேற்கு இரண்டையும் சேர்த்துத்தான் வரைந்திருந்தேன். பிரித்து வரைகிறேன். அதே பாட்டிலில் செம்பும் துத்தநாகமும் அளக்கலாமா?

கழிமுகம்:
அளக்கலாம். ஆனால் செம்பின் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும். புற ஊதா ஒளியில் அந்தக் கரிமப் பொருளைச் சிதைக்காமல், உலோகத்தைப் பிடித்துவைக்கும் பிசினில் ஏற்றினால் அளவு குறைத்தே காட்டும். நீர் எடுக்கும்போது படகையும் கவனியுங்கள். அடிப்பாகத்தில் பூசும் பாசித்தடுப்புப் பெயின்ட் செம்பு, துரு தடுக்கக் கட்டும் கட்டி துத்தநாகம். எஞ்சினை நிறுத்தி, படகின் முகப்பிலிருந்து நீண்ட பிளாஸ்டிக் கழியால் நீரோட்டம் வரும் பக்கத்தில் எடுங்கள்.

அலைவாய்:
ஈயத்தின் 206/204 விகிதத்தையும் பார்ப்பதானால் நிறை எண் 202-இல் பாதரசத்தைக் கூடவே அளந்து கழிக்க வேண்டும். 204-இல் பாதரசமும் உட்காரும். ஐந்து மாதிரிக்கு ஒருமுறை என்ஐஎஸ்டி 981-ஐ (விகிதம் முன்பே தெரிந்த தர ஈயம்) ஓட்டுங்கள். 206/207 அங்கே 1.093 வர வேண்டும்.