தக்கலையில் ஒரு யீரோஸ்

ஷவர்மா அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் கடல் சுற்றி வரும்.

கப்பலில் வேலை பார்த்தபோது ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கினால் நேராக யீரோஸ் கடைதான். (கைரோஸ் என்று நாம் வாசிப்பது அங்கே எடுபடாது.) கம்பியில் சுழலும் இறைச்சி, பெரும்பாலும் பன்றி, எனக்குக் கோழி. சூடான பீட்டா ரொட்டியில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு வறுவல், மேலே ட்சட்ஸிகி. கட்டித் தயிர், வெள்ளரி, பூண்டு, ஒலிவ எண்ணெய் சேர்ந்ததுதான் அது. யீரோஸ், ஷவர்மா இரண்டுக்கும் பொருள் சுற்றுவது. இரண்டுக்கும் தாய் துருக்கியின் டோனர்.

ஊரில் தின்ற ஷவர்மாவில் எல்லாம் மயோனைஸ்தான் வழிந்தது. ஒரு கடையில் தின்றுவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். பேர் வேண்டாம்.

அப்புறம்தான் தக்கலைப் பக்கம் இந்தச் சின்னக் கடை. கடைக்கார அண்ணன் சவூதியின் தம்மாமில் சமையல்காரராக இருந்தவர், கல்லாவில் அக்கா, கத்தி பிடிப்பது மகன். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு அரசு ஒரு வருடம் தடை போட்ட சமயம். "இனி எப்பிடிண்ணே குடுப்பிய?" என்றேன். அக்காதான் பதில் சொன்னார்: "தயிரு இருக்குல்லா தம்பி."

எனக்குச் சட்டென்று பிரேயஸ் ஞாபகம் வந்தது. ட்சட்ஸிகி செய்முறையைச் சொன்னேன். மறுநாள் போனால், வெள்ளைத் துவர்த்தில் (துண்டில்) கட்டி பிரிட்ஜில் வடியவிட்ட தயிர் தயார். வெள்ளரியைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, பூண்டு நசுக்கிச் சேர்த்தார் அக்கா. தேங்காயெண்ணெய் ஊற்றப் போனவரை நான்தான் தடுத்தேன்.

கோழியின் மொறுமொறுத்த ஓரம், அதன்மேல் அந்தக் குளிர்ந்த தயிர். பீட்டாவுக்குப் பதில் அரபு ரொட்டியான குபூஸ், போகட்டும். ரெண்டு தின்றேன்.

யீரோஸ் என்ற பேர் அக்கா வாயில் நுழையவில்லை. பச்சடி ஷவர்மா என்கிறார். இப்போது பச்சை மிளகாயும் நறுக்கிப் போடுகிறார். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

கருத்துப் பகுதியில் குளச்சல்காரர்: நானும் வீட்டில் செய்தேன் அண்ணே, குபூஸ் நனைந்து கையோடு வந்துவிட்டது. தயிரை அரைமணி நேரம்தான் வடியவிட்டேன்.

பதில்: அரைமணி எந்த மூலைக்கு? ராத்திரி கட்டிவிட்டுக் காலையில் எடுங்கள். வெள்ளரியைப் பிழிந்தீர்களா?

குளச்சல்காரர்: இல்லை.