'சியர்ஸ்' என்பது நன்றியா?

வேர்தேடி:
பிரிட்டனில் பின்னால் வருபவருக்காகக் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலே 'சியர்ஸ்' என்கிறார்கள், 'டா' என்கிறார்கள். இவை நன்றியே அல்ல என்பது என் கட்சி. போர்ச்சுகீசியர் நன்றிக்குச் சொல்லும் 'ஒப்ரிகாடு'வைப் பாருங்கள். 'கடமைப்பட்டவன்' என்று பொருள். கட்டுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. பெண் சொன்னால் 'ஒப்ரிகாடா' ஆகிவிடும், ஏனென்றால் சொல்பவர் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறார். ஜப்பானியரின் 'அரிகாத்தோ'வும் அங்கிருந்து போனதுதான். நல்ல சொல்லைத்தானே கடன் வாங்குவார்கள்?

பனையோலை:
அரிகாத்தோ விஷயம் தவறு, நண்பரே. போர்ச்சுகீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543இல். அந்தச் சொல் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. 'அரி' இருத்தல், 'கதாஷி' கடினம். சேர்ந்தால் 'காண்பதற்கு அரியது'. சுமார் 1000ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசவைப் பெண் எழுத்தாளர் செய் ஷோனாகோன் தன் 'தலையணைப் புத்தக'த்தில் இதே சொல்லைத் தலைப்பாக வைத்து அரியவற்றை அடுக்குகிறார்: மாமனார் மெச்சும் மருமகன், மயிரை ஒழுங்காகப் பிடுங்கும் வெள்ளிச் சாமணம்... இதில் நன்றி எங்கே இருக்கிறது? 'இப்படி ஒன்று அமைவதே அபூர்வம்' என்ற வியப்புதான் பின்னால் நன்றியாகக் கனிந்தது.

வேர்தேடி:
சரி, அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் வியப்பிலும் ஒரு கனம் இருக்கிறதே. சியர்ஸில் என்ன இருக்கிறது?

கடலோடி:
முகம் இருக்கிறது! பழைய பிரெஞ்சில் 'ஷியெர்' என்றால் முகம். முகம் மனநிலையைக் குறித்தது, பிறகு மகிழ்ச்சியை, பிறகு கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்தை. 1970களில் நன்றியாகவும் புழங்க ஆரம்பித்தது. 'டா' இன்னும் பழையது, 1772லேயே எழுத்தில் கிடைக்கிறது. 'தேங்க் யூ' வராத குழந்தை வாயில் பிறந்த சொல் அது.

பனையோலை:
வேர்தேடியின் குறை புதிதல்ல. ரஷ்ய 'ஸ்பசீபா' முதலில் 'ஸ்பசி போக்', 'கடவுள் காக்கட்டும்'. பேச்சில் தேய்ந்து கடவுளின் கடைசி எழுத்தே உதிர்ந்துபோனது. பழைய சடங்கைக் கைவிடாத கிறித்துவர்கள் இதனாலேயே அதைச் சொல்லத் தயங்கினார்கள். ஆனால் கடவுளை மறுத்த சோவியத் காலத்திலும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், மனதாரச் சொன்னார்கள். பிரெஞ்சு 'மெர்சி'யின் லத்தீன் மூலம் கூலி! 'தேங்க்' என்பதற்கும் 'திங்க்' என்பதற்கும் ஒரே வேர். நம் சொல்லையே எடுங்கள்: 'நன்றி மறப்பது நன்றன்று' என்ற குறளில் நன்றி என்பது பிறர் செய்த நன்மை, நாம் பதிலுக்குச் சொல்லும் வார்த்தை அல்ல. நன்றி சொல்லவென்றே பிறந்த சொல் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சியர்ஸை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?

வேர்தேடி:
வேரை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒன்று. என் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பின் தெரியாத ஒருவர் இரத்தம் கொடுத்தார். அவரிடம் போய் 'சியர்ஸ்' என்றிருக்க முடியுமா?

கடலோடி:
என்ன சொன்னீர்கள்?

வேர்தேடி:
எதுவும் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கைமடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

பனையோலை:
அப்படியானால் அன்று 'ஒப்ரிகாடு'வும் போதாது, 'நன்றி'யும் போதாது. குறை சியர்ஸில் இல்லை. கதவைப் பிடித்தவருக்கு அது நிறைவான சொல்தான்.

வேர்தேடி:
கதவு வரைக்கும் விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு மேல் முடியாது.