மாமாவின் காலில் சிவப்புப் புள்ளிகள்

அத்தை: மாமாவின் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள் ஆகிறது. இன்று காலை பார்த்தால் மாமாவின் கணுக்காலைச் சுற்றிக் கடுகு சிதறினாற்போல் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடியா?

ரவி: ரத்தம் இளக்குகிற மாத்திரைதான் காரணம் அத்தை. குளோபிடோக்ரெல் ரத்தத்தையே கெடுத்துவிடும் என்று நேற்று ஒரு ஃபார்வர்டு வந்தது. உடனே நிறுத்திவிடுங்கள்.

மீனா: அண்ணா, கொஞ்சம் பொறு! புது ஸ்டென்ட். நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். அத்தை, கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். மறைகிறதா?

அத்தை: இல்லை, அப்படியே தெரிகிறது.

மீனா: காய்ச்சல் உண்டா? சிறுநீர் என்ன நிறம்?

அத்தை: நேற்று லேசாகச் சுட்டது. சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போகிறதாம். தண்ணீர் குடிக்காததால் என்று விட்டுவிட்டேன். கண்ணும் மஞ்சளாக இருக்கிறது.

மீனா: இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பிலும் (ஸ்மியர்) பார்க்க வேண்டும்.

பெரியப்பா: பிளேட்லெட்தானே? டெங்குவுக்குக் கொடுத்த பப்பாளி இலைச் சாறு போதாதா?

மீனா: போதாது பெரியப்பா. இது டிடிபி (TTP) என்ற ரத்த நோயாக இருக்கலாம். நுண்ணிய நாளங்களில் ரத்தம் கட்டிக் கட்டி பிளேட்லெட் தீர்ந்துபோகும், சிவப்பணுக்கள் அதில் மோதி உடையும். மஞ்சளும் கருஞ்சிறுநீரும் அதனால்தான். வெறும் பிளேட்லெட்டை ஏற்றிச் சரிசெய்ய முடியாது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்ற வேண்டும்.

ரவி: அப்போ ஃபார்வர்டு உண்மையா?

மீனா: பாதி. இந்த மாத்திரையை எத்தனையோ லட்சம் பேர் சாப்பிடுகிறார்கள், டிடிபி வருவது மிக அபூர்வம். 2000இல் அமெரிக்க மருத்துவர்கள், இப்படி டிடிபி வந்த 11 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 10 பேருக்கு மாத்திரை தொடங்கி 14 நாளுக்குள் வந்தது. மாமாவுக்குப் பத்தாம் நாள், அதனால்தான் பயப்படுகிறேன். இதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த டிக்ளோபிடின் என்ற மாத்திரை இன்னும் மோசம், அதில் வெள்ளணுவும் குறையும். அதைக் கொடுத்தபோது முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அத்தை: ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

(மதியம் 2.40)

அத்தை: பிளேட்லெட் 18,000தான், மிகவும் குறைவாம். டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, மாத்திரை தொடங்கி எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். டிடிபிதான் என்று சந்தேகப்படுகிறார்கள். குளோபிடோக்ரெலை நிறுத்திவிட்டு, ஸ்டென்டுக்கு என்ன செய்வதென்று இதய டாக்டரிடம் பேசுகிறார்கள். பிளாஸ்மாவுக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமாம்.

ரவி: நான் கிளம்பிவிட்டேன். மாமா என்ன குரூப்?