"எக்ஸ்ட்ரா டிரை" பாட்டில் ஏன் இனிக்கிறது?

கேள்வி: இனிப்பில்லாத ஸ்பார்க்ளிங் (குமிழியிடும்) ஒயின் வேண்டுமென்று "எக்ஸ்ட்ரா டிரை" என்று போட்ட ப்ரொசெக்கோ என்ற இத்தாலிய ஒயின் வாங்கினேன். வாயில் வைத்ததும் இனிப்பு தெரிகிறது. பாட்டில் மாறிவிட்டதா? திறந்தபோது கால்வாசி நுரையாக வழிந்தும் போனது. இன்னொன்று: "லைட் பாடி" என்றால் ஆல்கஹால் குறைவு என்றுதான் அர்த்தமா?

பதில் 1: பாட்டில் சரிதான், சொல்தான் ஏமாற்றுகிறது. சாதா ஒயினில் டிரை என்றால் இனிப்பில்லாதது. ஸ்பார்க்ளிங் லேபிளில் அதே சொல்லுக்கு வேறு அளவுகோல். 19ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயின் மிக இனிப்பாக விற்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டு வைத்த பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன.

ஐரோப்பிய விதிப்படி ஒரு லிட்டரில் சர்க்கரை:
ப்ரூட் நேச்சர்: 3 கிராமுக்குக் கீழ், சர்க்கரை சேர்க்கக் கூடாது
எக்ஸ்ட்ரா ப்ரூட்: 0–6
ப்ரூட்: 12க்குக் கீழ்
எக்ஸ்ட்ரா டிரை: 12–17
டிரை (செக்): 17–32
டெமி செக்: 32–50
டூ: 50க்கு மேல்

அதாவது உங்கள் பாட்டில் ப்ரூட்டைவிட இனிப்பு, "டிரை" என்று மட்டும் போட்டது அதைவிடவும் இனிப்பு. அடுத்த முறை ப்ரூட் நேச்சர் அல்லது எக்ஸ்ட்ரா ப்ரூட் தேடுங்கள். "ப்ளாங் த ப்ளாங்" என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தது என்றுதான் அதற்குப் பொருள், இனிப்போடு தொடர்பில்லை.

பதில் 2: நுரை வழிந்ததற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம், அல்லது குலுங்கியிருக்கும். ஸ்பார்க்ளிங் என்று பெயர் வாங்கவே 20 டிகிரியில் குறைந்தது 3 பார் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தம் வேண்டும். ஷாம்பெயினில் 5–6 பார். சூடு ஏற ஏற வாயு திரவத்தில் தங்காது. ஃபிரிட்ஜில் 3–4 மணி நேரம் வையுங்கள், இல்லையென்றால் ஐஸும் தண்ணீரும் சேர்த்த வாளியில் அரை மணி. வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை முழுதாகத் தொடாது, குளிர நேரமாகும். ஃப்ரீசரில் மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும்.

திறக்கும்போது கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்க வேண்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருகுங்கள். கார்க் தானாக மேலே தள்ளும். விடாமல் எதிர்த்து அழுத்தினால் "உஸ்" என்ற சத்தத்தோடு வரும். "டப்" என்று வெடித்தால் வாயு வீண்.

கேள்வி கேட்டவர்: நன்றி. ப்ரூட்டிலும் 11 கிராம் வரை இருக்கலாமே, அது இனிக்காதா?

பதில் 1: புளிப்பைப் பொறுத்தது. ஷாம்பெயினில் புளிப்பு தூக்கலாக இருப்பதால் 8–9 கிராம் நாக்குக்குத் தெரிவதே இல்லை. ப்ரொசெக்கோ தரும் கிளெரா திராட்சையில் பேரிக்காய், ஆப்பிள் வாசனை தூக்கல். அந்தப் பழவாசனையே இனிப்பை நினைவூட்டும். மீதமிருக்கும் பாட்டிலை 6 டிகிரிக்குக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள், இனிப்பு அடங்கும்.

பதில் 3: பாடி பற்றி யாரும் சொல்லவில்லை. பாடி என்பது சுவை அல்ல, வாயில் உணரும் கனம்: தண்ணீர் கலந்த பாலுக்கும் சுண்டக் காய்ச்சிய பாலுக்கும் உள்ள வித்தியாசம். ஆல்கஹால் முதல் காரணம்தான், தோராயமாக 12.5 சதவீதத்துக்குக் கீழ் லைட், 13.5க்கு மேல் ஃபுல். ஆனால் அது மட்டுமல்ல. மீந்த சர்க்கரை, திராட்சைத் தோலிலிருந்து வரும் டானின் (துவர்ப்புப் பொருள்), ஓக் பீப்பாய், ஈஸ்ட் வண்டலோடு கிடந்த காலம் எல்லாம் கனத்தைக் கூட்டும், புளிப்பு குறைக்கும். ஷார்டொனே என்ற ஒரே வெள்ளைத் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரான்சின் குளிர்ப்பகுதியான ஷாப்லியில் ஓக் இல்லாமல் செய்தால் மெலிந்து நிற்கும், கலிஃபோர்னிய வெயிலில் பழுத்து ஓக்கில் இருந்தால் கனத்துவிடும். நிறத்தை நம்பவே வேண்டாம். நெபியோலோ என்ற இத்தாலியத் திராட்சையின் ஒயின் வெளிறிய சிவப்பு. ஆனால் அதில் செய்யும் பரோலோ ஒயினாகக் குடித்தால் வாயை இறுக்கிப் பிடிக்கும்.